ஒரே ஒரு நோயாளியை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

மருத்துவ ஆராய்ச்சி பற்றிப் பேச்சு வந்தால், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உடனே ஒரு பிரமிடு படத்தைக் காட்டுவார்கள். உச்சியில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் தொகுப்பாய்வுகள், அடுத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்யும் சோதனைகள், அதற்கும் கீழே மக்களை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள், எல்லாவற்றுக்கும் அடியில், கிட்டத்தட்ட தரையோடு தரையாக, கேஸ் ரிப்போர்ட். ஒரு டாக்டர் தான் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி, என்ன தொந்தரவோடு வந்தார், என்ன பரிசோதனை செய்தோம், என்ன கொடுத்தோம், கடைசியில் என்ன ஆனது என்று எழுதுகிற இரண்டு மூன்று பக்கம். படம் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "ஒரே ஒரு ஆளை வைத்து என்ன சொல்லிவிட முடியும், விடுங்க சார்" என்று தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நான் டாக்டர் இல்லை, இந்த ரிப்போர்ட்களைப் பொழுதுபோக்காகப் படிக்கிற ஆள், அவ்வளவுதான். படித்த வரையில் எனக்குப் பிடிபட்டது இது: நல்ல கேஸ் ரிப்போர்ட் எதையும் முடித்துவைப்பதில்லை, "இந்த மாதிரி வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?" என்று சக மருத்துவர்களிடம் கேட்கிறது. அந்தக் கேள்வியை யாராவது பதிலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

எல்லோரும் சொல்லும் உதாரணம் தாலிடோமைட் என்ற மருந்து. நானும் அதையே எடுக்கிறேன், ஏனென்றால் அந்தக் கதை தெரிந்த அளவுக்கு அதன் ஆபத்தைச் சொன்ன கடிதத்தைப் படித்தவர்கள் இல்லை. வில்லியம் மெக்பிரைட் என்ற ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் எழுதி 1961 டிசம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும் நீளம். பிறவிக் குறைபாடுகள் சுமார் 1.5% குழந்தைகளுக்கு இருக்கும், ஆனால் கர்ப்ப காலத்தில் வாந்திக்காகவோ தூக்கத்துக்காகவோ தாலிடோமைட் எடுத்துக்கொண்ட பெண்களின் குழந்தைகளில் அது கிட்டத்தட்ட 20% இருப்பதைச் சமீப மாதங்களில் பார்த்துவருகிறேன் என்கிறார். அட்டவணை கிடையாது. மொத்தம் எத்தனை குழந்தைகள் என்ற எண்ணிக்கைகூடக் கிடையாது. கடைசி வாக்கியம், இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் இதே போன்ற குறைபாடுகளை வாசகர்கள் யாராவது கண்டிருக்கிறீர்களா என்ற கேள்வி. அதற்குச் சில வாரங்கள் முன்பே ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் தன் போக்கில் அதே சந்தேகத்துக்கு வந்து எச்சரித்திருந்தார், நவம்பர் கடைசியிலேயே அங்கே மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் உலகம் முழுக்க 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்வார்கள். இந்த இடத்தில் போய்ப் பிரமிடின் உச்சியில் இருந்து ஆதாரம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியுமா? கர்ப்பிணிகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதா?

சரி, ஒற்றை ஒற்றையாகப் பார்த்ததை வைத்து இங்கே உண்மையைப் பிடிக்க முடிந்தது, வேறு இடங்களில் ஏன் முடிவதில்லை? நோயாளிகள் எத்தனை பேர் என்பதைவிட, அந்த விஷயம் சாதாரணமாக எவ்வளவு நடக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சந்தை இரைச்சலில் ஒருவர் கத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, நடுராத்திரியில் அதே குரல் தெருவையே எழுப்பிவிடும். தாலிடோமைட் பிள்ளைகளில் கண்ட கை கால் குறைபாடு ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்று பார்த்தாலே அதிகம் என்கிற அளவுக்கு அரிது. அப்படிப்பட்டது அடுத்தடுத்து மூன்று வந்தால் அது பேசிவிடும். தலைவலி, சோர்வு, மாரடைப்பு, வயதானவர்களின் மரணம் மாதிரி எங்கும் எப்போதும் நடந்துகொண்டே இருப்பவை விஷயத்தில் மூன்று என்ன, முப்பது பேரைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கையில் வந்த ஒரு குறிப்பும் இந்த ராத்திரிக் குரல் வகைதான். லாஸ் ஏஞ்சலீஸில் மூன்று மருத்துவமனைகளில் ஐந்து இளைஞர்கள், அதற்கு முன் ஆரோக்கியமாக இருந்தவர்கள், எல்லோருக்கும் நியூமோசிஸ்டிஸ் என்கிற ஒரு வகை நிமோனியா, அறிக்கை வருவதற்குள் இருவர் இறந்துவிட்டார்கள். அந்த நிமோனியா எதிர்ப்புச் சக்தி முற்றிலும் நொறுங்கியவர்களுக்குத்தான் வரும், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் போல. நல்ல திடகாத்திரமான இளைஞனுக்கு வரவே கூடாது. எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது இல்லை, வைரஸ் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. அந்த நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்டாமிடின் என்ற மருந்து அப்போது அரிதாகவே தேவைப்பட்டதால் அந்த மையத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த பெண், வழக்கத்தைவிட அதிகமாக, அதுவும் காரணம் சொல்ல முடியாத நோயாளிகளுக்காகக் கேட்கிறார்களே என்று கவனித்து மேலிடத்துக்கு எழுதினார். டாக்டர்கள் நோயாளிகளில் பார்த்ததை அவர் மருந்துச் சீட்டுகளிலேயே பார்த்துவிட்டார்.

இப்போது எதிர்ப்பக்கம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பில் இடையிடையே தாளம் தப்பும், அப்படித் தப்புகிறவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் தாளத்தைச் சரிசெய்யும் மருந்து கொடுத்தால் உயிர் தப்பும்தானே? என்கேனைடு, பிளெக்கேனைடு என்று இரண்டு மருந்து கொடுத்தார்கள். இசிஜியில் தாளம் தப்புவது அடங்கியது, ஒவ்வொரு டாக்டரும் தன் கண்ணாலேயே பார்த்தார். இதை முறையாகச் சோதிக்கப் போனார்கள், அதற்கே சிலர் "நல்ல மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விடுவது அநியாயம்" என்று முணுமுணுத்ததாகப் படித்திருக்கிறேன். 1989ல் சோதனையை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்து எடுத்த 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்த 725 பேரில் 22 பேர். இதை எந்தத் தனி டாக்டரும் கண்டுபிடித்திருக்க முடியாது, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். மாரடைப்பு வந்தவர் இறந்தால் மாரடைப்பால் இறந்தார் என்றுதான் யாரும் நினைப்பார்கள், மருந்தின் மேல் ஏன் சந்தேகம் வரப்போகிறது? இந்த இடத்தில் அனுபவம், கைராசி, "நான் நூறு பேருக்குக் கொடுத்திருக்கிறேன்" எல்லாம் செல்லாது. சோதனைதான் வேண்டும்.

ஆக, இரண்டும் வேறு வேறு வேலைக்கான கருவிகள், மேலே கீழே என்று அடுக்கியதுதான் கோளாறு என்பது என் கட்சி.

2021ல் இது நம் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. ஆஸ்ட்ராஜெனகா கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட சிலருக்கு, ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து, மூளையின் ரத்தக் குழாய்களிலும் வயிற்றிலும் ரத்தம் உறைந்தது, அதே நேரத்தில் ரத்தத் தட்டணுக்கள் சரிந்து கிடந்தன. உறைவதற்குத் தட்டணு வேண்டும், எனவே இரண்டும் ஒன்றாக வருவது விசித்திரம். ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு கட்டுரை வந்தது, நார்வேயிலிருந்து 5 நோயாளிகள், ஜெர்மனி ஆஸ்திரியாவிலிருந்து 11 நோயாளிகள். தடுப்பூசியின் பெரிய சோதனைகளில் பல்லாயிரம் பேர் இருந்தும் இது தெரியவில்லை, ஏனென்றால் லட்சத்தில் ஒருவர் இருவர் அளவில் நடக்கும் ஒன்று அந்தக் கூட்டத்தில் ஒரு முறைகூட நடக்காமல் போகலாம். அந்தப் பதினாறு பேரை வைத்து இன்னொன்றும் கிடைத்தது. ஹெப்பாரின் என்ற உறைவு தடுப்பு மருந்து அபூர்வமாகச் சிலருக்குத் தலைகீழாக வேலை செய்து இதே மாதிரி உறைவையும் தட்டணு வீழ்ச்சியையும் உண்டாக்கும் என்பது ரத்தவியல் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இவர்களின் ரத்தத்திலும் அதே வகை எதிர்ப்பொருள் இருந்தது. அதனால் இந்த நோயாளிகளுக்கு வழக்கம்போல் ஹெப்பாரின் போடாதீர்கள், ரத்த நாளம் வழியாக இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள் புரதம்) கொடுங்கள் என்ற தகவல் உடனே பரவியது. எத்தனை லட்சத்தில் ஒருவருக்கு, எந்த வயதில் அதிகம் என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வந்தது. அதுதான் சரியான வரிசை.

ஒரு துறைக்காரர் பார்க்க வேண்டியதை இன்னொரு துறைக்காரர் பார்ப்பதும் இந்த ரிப்போர்ட்களில் அடிக்கடி நடக்கிறது, நான் எந்தத் துறை என்று பார்க்காமல் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிரான்சில் போர்தோ நகரில் ஒரு குழந்தைக்கு மூக்கில் ஹீமாஞ்சியோமா, ரத்தக் குழாய்கள் சேர்ந்து சிவப்பாகப் புடைத்துக்கொள்ளும் கட்டி. அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள், இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள், ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் காலம் காலமாகக் கொடுக்கும் சாதாரண மாத்திரை. மறுநாளே கட்டியின் நிறம் கடும் சிவப்பிலிருந்து ஊதாவாக மாறி மிருதுவாகிவிட்டது. கட்டியை யாரும் அன்று குறிவைக்கவே இல்லை. இன்னொரு குழந்தைக்கும் அதேபோல் நடக்க, அதற்கப்புறம் ஒன்பது குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்து, மொத்தம் 11 பேரை வைத்து 2008ல் ஒரு கடிதம் எழுதினார்கள். பிறகு 460 குழந்தைகளை வைத்து முறையான சோதனை நடந்து 2015ல் வெளியானது, சரியான அளவில் ஆறு மாதம் மருந்து எடுத்தவர்களில் 60% பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது, வெற்று மருந்தில் 4%. இப்போது சிகிச்சை தேவைப்படும் ஹீமாஞ்சியோமாவுக்கு முதலில் கையில் எடுப்பது அந்த மருந்தைத்தான்.

தாலிடோமைடுக்கே இந்த மாதிரி ஒரு இரண்டாவது கதை இருக்கிறது. தடை செய்யப்பட்டுச் சில வருடங்களில், ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர் ஜெருசலேமில், தொழுநோயின் கொடுமையான ஒரு எதிர்வினையால் வலியில் தூக்கமே இல்லாமல் தவித்த நோயாளிக்குத் தூங்கட்டும் என்று மிச்சமிருந்த தாலிடோமைடைக் கொடுத்தார். தூக்கமும் வந்தது, தோல் புண்களும் அடங்க ஆரம்பித்தன. 1998ல் அமெரிக்காவே அந்த நோய்க்காக, கர்ப்பம் விஷயத்தில் ஏகப்பட்ட கட்டுப்பாடுகளோடு, அதே மருந்துக்கு அனுமதி கொடுத்தது. இப்போது மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, இனி கசப்பான பாகம். 1980ல் நியூ இங்கிலாந்து ஜர்னலின் கடிதப் பகுதியில் ஒரே ஒரு பத்தி வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மருந்து ஒரு முறையாவது பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்தோம், முன்பு பழக்கம் இல்லாதவர்களில் அடிமையானதாகச் சரியாகப் பதிவானது 4 பேர்தான் என்று சொன்ன ஐந்து வாக்கியம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸ் கையால் மருந்து வாங்கியவர்கள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. இந்தப் பத்தியை, நாள்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை கொடுத்தாலும் அடிமையாக மாட்டார்கள் என்பதற்கு ஆதாரமாகத் தூக்கிப்பிடித்தார்கள். 2017ல் சிலர் உட்கார்ந்து எண்ணினார்கள். 608 கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டியிருந்தன, அதில் 72% அடிமையாவது அபூர்வம் என்பதற்கான சான்றாக. நோயாளிகள் உள்நோயாளிகள் என்பதைக்கூடச் சொல்லாமல் விட்டவை 80%க்கும் மேல். அந்த 608 பேரில் எத்தனை பேர் ஐந்து வாக்கியத்தை எடுத்துப் படித்திருப்பார்கள் என்று யோசித்தால் வயிறு எரிகிறது. படிக்க அரை நிமிடம் ஆகாது! இப்போது அந்தக் கடிதத்தின் மேல் ஜர்னலே ஒரு எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டு வைத்திருக்கிறது.

தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட 1998 கட்டுரையும் வெறும் 12 குழந்தைகளை வைத்துத்தான். ஆனால் அது வேறு ரகம், அதில் தரவுகளே திரிக்கப்பட்டிருந்தன, 2010ல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. அதைப் போய் கேஸ் ரிப்போர்ட்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எனக்கு அதைவிட உறுத்துவது மெக்பிரைட்டின் பிற்காலம். ஆம், தாலிடோமைட் கடிதம் எழுதிய அதே மெக்பிரைட். கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுக்கும் டெபென்டாக்ஸ் என்ற இன்னொரு மருந்தும் பிறவிக் குறைபாட்டை உண்டாக்குகிறது என்று நம்பினார். விலங்குச் சோதனைகள் ஒத்துவரவில்லை, முடிவுகளை மாற்றி எழுதினார். மோசடி நிரூபணமாகி 1993ல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். அந்த மருந்து பல ஆய்வுகளில் பாதுகாப்பானது என்று தெரிந்து, வழக்குகளுக்குப் பயந்து 1983ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது 2013ல் வேறு பெயரில் திரும்பி வந்தது. முதல் தடவை "நீங்களும் பார்த்தீர்களா?" என்று கேட்டவர், இரண்டாவது தடவை கேட்கவில்லை. விடை தனக்குத் தெரியும் என்றே எழுதினார்.

நான் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்தால் முதலில் தேடுவது காலவரிசை. மருந்து எந்தத் தேதி, தொந்தரவு எந்தத் தேதி, எதற்குப் பின் எது என்று தெளிவாக இல்லாவிட்டால் மீதியைப் படிப்பதில் அர்த்தமில்லை. அப்புறம், மருந்தை நிறுத்தியதும் தொந்தரவு போனதா, தற்செயலாகவோ வேறு வழியில்லாமலோ திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்ததா என்று பார்ப்பேன். திரும்ப வந்தால் அது ஒரே ஆளிடம் நடந்தாலும் கனமான சான்று, தொந்தரவு மருந்தால்தான் வந்ததா என்று கணிக்க 1981ல் நரஞ்ஜோ என்பவரும் உடனிருந்தவர்களும் போட்ட பத்துக் கேள்விப் பட்டியலில் அதற்குத் தனி மதிப்பெண்ணே இருக்கிறது. வேறு எந்தெந்தக் காரணங்களைச் சந்தேகப்பட்டு எப்படி விலக்கினார்கள் என்பதும் முக்கியம், பெரும்பாலான ரிப்போர்ட்கள் சறுக்கும் இடம் அதுதான். எத்தனை நாள் பின்தொடர்ந்தார்கள் என்றும் பாருங்கள். புற்றுநோய் "முற்றிலும் மறைந்தது" என்று ஒரு கட்டுரை, உள்ளே போனால் மூன்று மாதம்தான் பார்த்திருப்பார்கள். பிழைத்தவரைப் பற்றி எழுதும் ஆசை, அதே சிகிச்சையில் பிழைக்காதவரைப் பற்றி எழுதுவதில் யாருக்கும் இருக்காது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். "உலகிலேயே இதுதான் முதல் கேஸ்" என்ற வாக்கியத்தை நான் தாண்டிப் போய்விடுவேன், நாங்கள் தேடியவரையில் முதல் என்றுதான் அதற்குப் பொருள்.

பெரிய ஜர்னல்கள் இவற்றைக் கைவிட்டதற்குக் காரணம் அறிவியலைவிடக் கணக்கு. ஒரு ஜர்னலின் மதிப்பு என்று சொல்லப்படும் எண், முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பது. கேஸ் ரிப்போர்ட்டை யாரும் அதிகம் மேற்கோள் காட்ட மாட்டார்கள், போட்டால் சராசரி இறங்கும், எனவே போடாதே. 2007, 2008 வாக்கில் இவற்றுக்கென்றே தனி ஜர்னல்கள் வந்தன. கூடவே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிகளும் வந்தார்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் வரை அவர்களுக்கு வியாபாரம் குறையாது.

எழுதும் முறையில் எனக்கு ஒரே ஒரு பெரிய மனக்குறை, நோயாளியின் குரல் இருக்காது. இவர் வலி என்றார், இவர் மறுத்தார் என்று யாரோ போலீஸ் ஸ்டேஷனில் எழுதிய மாதிரி இருக்கும். விதிவிலக்கும் உண்டு. மறதி நோய்க்குத் தன் பெயரையே தந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1901ல் பிராங்க்பர்ட்டில் 51 வயதான அவுகுஸ்டே டேட்டரிடம் பேசி எழுதிய குறிப்புகளில் கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கின்றன. "என்னை நான் தொலைத்துவிட்டேன்" என்று அவர் சொன்னது அங்கிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. அந்தக் கோப்பு காணாமல் போய் 1990களில்தான் மருத்துவமனைக் காப்பகத்தில் அகப்பட்டது. கேஸ் ரிப்போர்ட்டை எப்படி எழுதுவது என்று சொல்லும், 2013ல் வெளியான கேர் (CARE) வழிகாட்டுதல், நோயாளியின் பார்வையையும் முடிந்தால் சேருங்கள் என்று ஒரு அம்சத்தை வைத்திருக்கிறது. சேர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் சேர்த்தால் பெரும்பாலும் அந்தக் கட்டுரையிலேயே உருப்படியான பத்தி அதுவாகத்தான் இருக்கும், டாக்டர் கவனிக்காத ஒரு அறிகுறியை அவர் போகிற போக்கில் சொல்லியிருப்பார்.

ஒருவேளை உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அரிதான ஏதோ ஒன்று வந்து, டாக்டர் இதை எழுதலாமா என்று கேட்டால், சரி என்று சொல்வதில் தப்பில்லை, நான் சொல்லியிருப்பேன். ஆனால் கையெழுத்துக்கு முன் வரைவை வாங்கிப் படியுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் வயது, தொழில், நோய் மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதில் எதை எடுக்கலாம் என்று கேளுங்கள். போட்டோ போடுகிறார்களா, கண்ணை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைக்கிறார்களா என்று பாருங்கள், அது போதாது. அச்சாவதற்கு முன்பு வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், இணையத்தில் வந்த பிறகு நடைமுறையில் முடியாது. உங்கள் தரப்பில் நாலு வரி எழுதித் தரட்டுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.